பகலில் சிக்கிய எலி

கேட்டிருப்பவர் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பூர்வீக வீட்டைக் கவனித்துக்கொண்டு ஆச்சியுடன் இருப்பவர். வீட்டில் இரண்டரை வயது நாட்டு நாய், எடை 16 கிலோ. “குட்டியிலிருந்தே எலி பிடிப்பான். இந்தப் பதினைந்து நாளாகத் தினமும் ஒன்று பிடிக்கிறான். பட்டப்பகலில் முற்றத்திலேயே பிடித்து, வாலைக்கூட மிச்சம் வைக்காமல் தின்றுவிடுகிறான். நல்ல கெட்டிக்காரனாகிவிட்டான். இதனால் நோய் ஏதும் வருமா? நாய் எலியைத் தின்னாமல் இட்டலியா தின்னும் என்கிறார் ஆச்சி” என்று எழுதியிருக்கிறார்.

ஆச்சி சொல்வது பெரும்பாலும் சரி. எலிக்கறியைச் செரிக்க முடியாத வயிறு நாய்க்கு இல்லை. இந்த வட்டாரத்தில் முப்பது வருடம் கால்நடை மருத்துவம் பார்த்த எனக்கு எலி தின்ற நாய் என்பது செய்தியே இல்லை. ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு சொல் என்னை நிறுத்தியது: பட்டப்பகலில்.

எலி இரவில் நடமாடுவது. நாய் படுத்திருக்கும் முற்றத்துக்கு உச்சி வெயிலில் உடம்பு சரியாக உள்ள எலி வராது. அதுவும் தினம் ஒன்றாக வருகிறது என்றால், உங்கள் நாய் கெட்டிக்காரனானதைவிட எலி மந்தமாகியிருக்கவே வாய்ப்பு அதிகம். வளையில் மழைத்தண்ணீர் ஏறினாலும் எலி பகலில் வெளியே வரும், ஆனால் அப்போது அதன் ஓட்டம் குறையாது. தள்ளாடிக்கொண்டு, பிடிக்க வசதியாக வருகிறதென்றால் அக்கம்பக்கத்தில் யாரோ மருந்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் நினைப்பேன்.

நம் ஊர் வீடுகளைச் சொல்லவும் வேண்டுமா. ஒரு தெருவில் பத்து வீடு இருந்தால் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். முன்னோர் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ஆட்கள் வருமுன் வாட்ச்மேன் கதவைத் திறந்து, ஒட்டடை அடித்து, இரண்டாம் கட்டிலும் சமையல்கட்டிலும் எலி கேக்கைப் போட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு போய்விடுவார். தை அறுவடை முடிந்தால் வயலில் மேய்ந்த எலியும் ஊருக்குள் திரும்பும், கடைக்காரர்களும் மருந்து வைப்பார்கள். எலிக்கு எது உங்கள் வீடு, எது பக்கத்து வீடு? அங்கே தின்றுவிட்டு இங்கே வரும். ஆகவே “நாங்கள் மருந்தே வைப்பதில்லை” என்ற பதிலை நான் ஒருபோதும் முழுப் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை.

நீலமாகவோ பச்சையாகவோ சிறு கட்டியாக விற்கும் எலி கேக்கில் பெரும்பாலும் இருப்பது புரோமடையலோன். ரத்தம் உறையாமல் தடுக்கும் வகை மருந்து. இந்த வகை பிறந்த கதை மாட்டு வைத்தியர்களுக்குப் பிடித்தமானது. 1920களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த ஒருவகைக் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் கொம்பு சீவினாலே ரத்தம் நிற்காமல் செத்தன. அந்தத் தீவனத்தில் இருந்த பொருளை விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் குழு பிரித்தெடுத்தது. அதிலிருந்து உருவான வார்ஃபரின் 1948இல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. பிறகு அதுவே மனிதர்களுக்கும் மருந்தாயிற்று. உங்கள் உறவில் யாராவது செயற்கை இருதய வால்வு வைத்து, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு மாத்திரை போடுகிறார்களா? அந்த மாத்திரைக்கும் எலி கேக்குக்கும் ஒரே குலம்தான். எலி கேக்கில் இருப்பது அதன் முரட்டுத் தம்பி. ஈரலில் ஏறினால் வாரக்கணக்கில் இறங்காது.

இந்த மருந்தைத் தின்ற எலி அன்றே சாகாது. மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். அந்த நாட்களில் திரும்பத் திரும்ப வந்து கேக்கைத் தின்றுகொண்டே இருக்கும். உள்ளே ரத்தம் கசியக் கசிய மெலிந்து, மயங்கி, பகலென்றும் பாராமல் வெளியே வரும். அதாவது, வயிறு நிறைய விஷம் சேர்ந்த எலிதான் உங்கள் நாயிடம் எளிதாகச் சிக்குகிறது.

கணக்கையும் பார்த்துவிடலாம். அந்தக் கேக்கில் மருந்து 0.005 சதவீதம். ஓர் எலி 20 கிராம் தின்றால் அதன் உடம்புக்குள் போவது 1 மில்லிகிராம். 16 கிலோ நாய் அப்படி ஓர் எலியைத் தின்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இரண்டு கிலோ பொமரேனியன் குட்டியாக இருந்தால் நான் இவ்வளவு நிதானமாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் தினம் ஒன்று, பதினைந்து நாள் என்கிறீர்களே, அதுதான் சங்கதி. நேற்றைய மருந்து இறங்குமுன் இன்றையது ஏறுகிறது. இன்னொன்றும் உண்டு: வயல் எலியைச் சுட்டுத் தின்பவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்கள் குடலையும் ஈரலையும் எடுத்து எறிந்துவிட்டுக் கறியைத்தான் தின்பார்கள். உங்கள் நாயோ முழுசாக விழுங்குகிறது. மருந்து தங்கும் இடமே ஈரலும் குடலும்தான்.

என் கையில் நடந்த ஒரு தவறைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன்பு கன்னி என்ற வேட்டை இன நாய் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இரண்டு நாளாகச் சோர்வு, மூச்சு இரைப்பு, முன்னங்காலில் லேசான நொண்டல். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு வெளுத்திருந்தது. நம் பக்கத்தில் நாய் வெளுத்தால் எல்லோர் வாயிலும் முதலில் வருவது உண்ணிக் காய்ச்சல். நானும் அதையே சொல்லி, தொடையில் ஊசி போட்டு அனுப்பினேன். மறுநாள் காலையில் வந்தபோது ஊசி போட்ட தொடை தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. அடிவயிற்றில் முடி இல்லாத இடத்தில் கத்தரிப்பூ நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றல். ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வைத்துக் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன். கால் மணி நேரமாகியும் தண்ணீர் மாதிரி ஆடியது. அப்போதுதான் கேட்டேன், எலி மருந்து வைத்தீர்களா என்று. “நாங்கள் வைக்கவில்லை, பின்கட்டு வீட்டில் வைத்தார்கள், இவன் அங்கே போய் எலி பிடிப்பான்” என்றார்கள். நெஞ்சுக்குள் ரத்தம் நிறைந்துதான் மூச்சு இரைத்திருக்கிறது. அன்று இரவே அது போய்விட்டது. ஊசியைத் தசையில் போடாமல் இருந்திருந்தாலும் பிழைத்திருக்குமா என்று தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு, சோர்வென்று வரும் எந்த நாயாக இருந்தாலும் என் முதல் கேள்வி எலி மருந்தைப் பற்றித்தான்.

அதனால் இன்றைக்கே நீங்கள் செய்யக்கூடியது இது. நாயை வெளிச்சத்தில் நிறுத்தி மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். கட்டை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். நாட்டு நாய்க்கு ஈறு கறுப்பாக இருப்பதுண்டு, அப்படியானால் கீழ் இமையை இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். அடிவயிற்றையும் தொடை இடுக்கையும் பாருங்கள். குண்டூசித் தலை போலப் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளிகள் இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலின் பக்கம் காட்டும். அகலமாகக் கன்றிப்போயிருந்தால், மூட்டு வீங்கியிருந்தால், மலம் தார் போலக் கறுத்திருந்தால், இருமல் புதிதாக வந்திருந்தால், எலி மருந்தின் பக்கம் காட்டும். வெளியே சொட்டு ரத்தம் தெரியாமலேயே உள்ளே கசியலாம் என்பதை மறக்க வேண்டாம்.

எதுவும் தெரியாவிட்டாலும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. புரோத்ராம்பின் டைம் என்று கேளுங்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது அது. இதற்கு மனிதர்களின் லேபிலும் கருவி உண்டு, மருத்துவர் ரத்தம் எடுத்துக் கொடுத்தால் பார்த்துவிடலாம். விஷம் உள்ளே போன இரண்டு மூன்று நாளிலேயே இதில் மாற்றம் தெரியும், கசிவு தொடங்குவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். அந்த இடைவெளியில் கண்டுபிடித்தால் வைத்தியம் சுலபம். வைட்டமின் கே1 மாத்திரை, கொஞ்சம் கொழுப்புள்ள சாப்பாட்டோடு, மூன்று நான்கு வாரம். மாத்திரையை நிறுத்திய இரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே பரிசோதனை. மூன்றாம் நாளே நாய் துள்ளுகிறது என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தினால் ஈரலில் பதுங்கியிருக்கும் மருந்து மறுபடியும் வேலையைக் காட்டும். கடையில் ‘வைட்டமின் கே’ என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். கே3 என்று ஒன்று இருக்கிறது, அது இதற்கு உதவாது. ஊசியை நீங்களாகவோ தெரிந்தவரை வைத்தோ போட்டுவிடவும் வேண்டாம்.

எலி கேக்கின் அட்டைப் பெட்டியைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாட்ச்மேனிடம் சண்டைக்குப் போகிற மாதிரி கேட்டால் “வைக்கவே இல்லை” என்றுதான் சொல்வார். “எந்த மருந்து நன்றாகக் கேட்கிறது, எங்கள் வீட்டிலும் தொல்லை தாங்கவில்லை” என்று கேளுங்கள், பெயரோடு சொல்வார்.

ஏனென்றால் எல்லா எலி மருந்தும் கேக் அல்ல. வயலில் வைப்பது பெரும்பாலும் ஜிங்க் பாஸ்பைடு, கருஞ்சாம்பல் தூள். பொரியிலோ அரிசியிலோ எண்ணெய் விட்டுப் பிசைந்து, சிலர் கருவாடும் சேர்த்து, வரப்பில் வைப்பார்கள். செத்த எலியைத் தின்று நாய்க்கு வருவதைவிட, அந்தக் கருவாட்டு உருண்டையையே நாய் தின்று வருவதுதான் அதிகம். எலியின் இரைப்பையில் கரையாமல் கிடக்கும் மிச்சமும் ஆபத்துதான். வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் என்ற விஷவாயு கிளம்பும். கால் மணி நேரத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் வாந்தி, வயிறு உப்புதல், மூச்சுத் திணறல், வலிப்பு. இதற்கு மாற்று மருந்து கிடையாது, வேகம் ஒன்றுதான் துணை. இந்த நேரத்தில் சோறோ பாலோ ஊட்டினால் அமிலம் கூடுதலாகச் சுரந்து வாயுவும் கூடும். நாய் எடுக்கும் வாந்தியிலிருந்து அழுகிய மீனும் பூண்டும் கலந்தாற்போல் ஒரு நாற்றம் வரும். அதைக் குனிந்து முகர்ந்து பார்க்காதீர்கள், அந்த வாயு உங்களுக்கும் ஆகாது. காரில் கொண்டுபோனால் ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கி வையுங்கள்.

தக்காளியிலும் தேங்காய்ச் சில்லிலும் தடவி வைக்கும் பசை சிலவற்றில் மஞ்சள் பாஸ்பரஸ் இருக்கும். அது ஈரலை அரிக்கும். முதலில் வாந்தி, பிறகு ஓரிரு நாள் நாய் தேறிவிட்டது போல இருக்கும், அதை நம்பி வீட்டில் இருந்துவிடுவார்கள். பிறகு கண் மஞ்சளிக்கும்போது கை மீறியிருக்கும்.

எந்த மருந்தானாலும் உப்புத் தண்ணீரைக் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். உப்பே நாயைக் கொன்றதைப் பார்த்திருக்கிறேன். புளித்தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு, விளக்கெண்ணெய் எல்லாமும் நேரத்தைத்தான் தின்னும்.

இனி, மருந்து வைக்காத ஊரிலும் இருக்கும் ஆபத்துக்கு வருகிறேன். எலிக்காய்ச்சல், லெப்டோஸ்பைரோசிஸ். எலிக்கு இந்தக் கிருமி ஒரு கெடுதலும் செய்யாது. அதன் சிறுநீரகத்தில் குடியிருந்துகொண்டு சிறுநீரோடு வெளியே வந்துகொண்டே இருக்கும். நாய் எலியைக் கடித்துக் கிழிக்கும்போது வாயின் மெல்லிய தோல் வழியாக ஏறலாம். ஆனால் எலியைத் தொடாத நாய்க்கும் இது வரும் என்பதுதான் பலருக்குப் புரியாத விஷயம். தேங்கிய தண்ணீரிலும் ஈர மண்ணிலும் இந்தக் கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். காய்ந்தால் செத்துவிடும். சித்திரை வெயிலில் கொதிக்கும் ஓட்டில் அது நிற்காது, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நிற்கும்.

நம் வீட்டு அமைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில் இறங்க வேண்டும் என்றுதான் கட்டியிருக்கிறார்கள். ஓட்டுக்கு அடியில் எலி, கீழே மழைத்தண்ணீர் பிடிக்கும் அண்டா, அண்டாவில் வாய் வைக்கும் நாய். தெருக்கோடி ஊருணியில் இறங்கிக் குளித்துவிட்டு வரும் நாய்க்கும் இதே கதைதான். ஆகவே எலி தின்பதை நிறுத்திவிட்டால் எலிக்காய்ச்சல் வராது என்று கணக்குப் போட வேண்டாம்.

கிருமி ஏறி ஒன்று இரண்டு வாரத்தில் காய்ச்சல், சாப்பாட்டை மறுத்தல், வாந்தி, தொட்டால் தசை வலியில் முனகுதல். சில நாய்கள் குடம் குடமாகத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்கும், பிறகு சிறுநீரே நின்றுபோகும். கண் மஞ்சளிக்கலாம். ஆரம்பத்திலேயே பிடித்தால் பென்சிலின் வகை ஊசி, டாக்சிசைக்ளின், குளுக்கோஸ் என்று தேற்றிவிடலாம். சிறுநீரகம் படுத்த பிறகு வந்தால் நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. பெரிய பரிசோதனை, தங்கி வைத்தியம் என்று வந்தால் ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவேன்.

தடுப்பூசிச் சிட்டையை எடுத்துப் பாருங்கள். பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசியை டிஎச்பிபிஐ (DHPPi) என்று எழுதி அதோடு ‘எல்’ (L) என்ற எழுத்தும் சேர்ந்திருந்தால் எலிக்காய்ச்சலுக்கும் போட்டிருக்கிறார்கள். ‘எல்’ இல்லையென்றால் இல்லை. குட்டியில் போட்டது போதும் என்று இருக்கவும் கூடாது. இதன் பாதுகாப்பு ஒரு வருடத்தைத் தாண்டி நம்பத்தக்கதல்ல, வருடாவருடம் போட வேண்டும். முதல் தடவையாகப் போடுகிறவர்கள் சில வார இடைவெளியில் இரண்டு தவணை போட வேண்டும். புரட்டாசிக்குள் முடித்துவிட்டால் மழைக்கு நாய் தயாராக இருக்கும். கிருமியில் பல உள்வகைகள் உண்டு, ஊசி எல்லாவற்றையும் தடுக்காது. இருந்தாலும் எலி பிடிக்கும் நாய்க்கு இதைப் போடாமல் விடுவது எனக்குப் புரியாத சிக்கனம்.

பூச்சிகளைப் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள், நான் அவ்வளவு பயப்படமாட்டேன். எலியின் உடம்பில் நாயின் உருண்டைப் புழுவினுடைய இளம்புழு உறங்கிக் கிடக்கும், தின்றால் நாயின் குடலில் வளரும். நாடாப்புழுவும் சில நேரம் வரும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பூச்சி மருந்து, அதில் நாடாப்புழுவுக்கான பிராசிகுவாண்டல் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தால் முடிந்தது. பெருச்சாளியோடு சண்டை போட்டு வந்தால் வாயைத் திறந்து உதட்டையும் நாக்கையும் பாருங்கள். அதன் கடி சிறிய ஓட்டையாகத் தெரியும், நான்கு நாள் கழித்துச் சீழ் கட்டி முகம் வீங்கும். எலி கடித்தால் வெறிநோய் வருமா என்று கேட்பார்கள். எலியிடமிருந்து வெறிநோய் வருவது நடைமுறையில் இல்லாத ஒன்று, ஆனால் அந்த ஊசியை வருடந்தோறும் போட வேண்டியது தெருநாய்களை நினைத்து. மூஞ்சூறு எலியினமே அல்ல. நாய் கொல்லும், அதன் நாற்றம் தாங்காமல் பெரும்பாலும் தின்னாமல் போட்டுவிடும். பிள்ளையார்பட்டிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அதை இதற்குமேல் பேசவும் கூடாது.

நாயின் பழக்கத்தை மாற்ற முடியுமா? பிடிப்பதை நிறுத்த முடியாது. வயிறு நிறையச் சோறு போட்டாலும் வேட்டை நிற்காது, அது பசிக்காகச் செய்வதில்லை. தின்பதை ஓரளவு தடுக்கலாம். ‘விடு’ என்றால் வாயில் உள்ளதைப் போட வேண்டும் என்று முதலில் பந்து, குச்சியில் பழக்கி, போட்டதும் அதைவிட ருசியான ஒரு கோழித்துண்டைக் கொடுங்கள். அடித்துப் பிடுங்கினால் அடுத்த முறை உங்களைக் கண்டதும் அவசரமாக விழுங்கும். இந்த ஒரு மாதமாவது வெளியே விடும்போது கூடை போன்ற வாய்க்கவசம் போடுங்கள், இரவில் பின்கட்டுக்குப் போகாமல் கட்டி வையுங்கள்.

எலித் தொல்லைக்கு உங்கள் வீட்டில் மருந்து வேண்டாம், கூண்டுப் பொறி போதும். கொல்லைப்புறத்திலும் தோட்டத்திலும் தஞ்சாவூர்க் கிட்டி என்ற மூங்கில் வில் பொறி வைக்கலாம், நாயைக் கட்டிவிட்டு. அரிசி மூட்டையைத் தரையில் அடுக்காமல் மூடியுள்ள தகர டின்னில் வையுங்கள். அரை அங்குல ஓட்டை இருந்தாலும் எலிக்குப் போதும், தூம்பு வாயில் கம்பி வலை அடியுங்கள். பக்கத்து வீட்டில் மருந்து வைத்தே தீர வேண்டும் என்றால், நாய் வாய் நுழையாத மூடுபெட்டிக்குள் வைக்கவும், காலையில் செத்த எலியைப் பொறுக்கிப் புதைக்கவும் சொல்லுங்கள். கூலியை நீங்களே கொடுத்தாலும் நஷ்டமில்லை.

கடைசியாக ஆச்சியைப் பற்றி. நாயைத் திண்ணையில் பக்கத்தில் படுக்கவைத்துத் தடவிக்கொண்டிருப்பார் என்று எழுதியிருந்தீர்கள். தடவட்டும். எலிக்காய்ச்சல் நாயிடமிருந்து மனிதருக்கு வருவது முக்கியமாகச் சிறுநீர் வழியாக, தடவுவதால் அல்ல. நாய்க்கு உடம்பு சரியில்லாத நாட்களில் மட்டும் அது சிறுநீர் கழித்த இடத்தை ஆச்சி வெறும் காலால் மிதிக்கவோ வெறும் கையால் துடைக்கவோ விடாதீர்கள். காலில் பித்தவெடிப்பு இருந்தால் அதுவே கிருமிக்கு வாசல். ரப்பர் கையுறை போட்டு, பிளீச்சிங் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். நாய் செத்த எலியைக் கொண்டுவந்து ஆச்சியின் காலடியில் போட்டால் அதையும் துடைப்பத்தால் தள்ள வேண்டாம், பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி எடுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், எலி பிடிக்கும் நாய் வீட்டில் இருக்கிறது என்பதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள், அவருக்கு அதைக் கேட்கத் தோன்றாது.